இரண்டு, ஆறு, ஆறு, இரண்டு

அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியில் அறுபது கட்டில்கள், இரண்டு ஆபரேஷன் தியேட்டர்கள், ஒரு லிஃப்ட், ஒரு போன் அக்கா. லிஃப்ட் மாதத்தில் பத்து நாள் ஓடாது. போன் அக்கா பதினேழு வருடத்தில் ஒன்பது நாள்தான் லீவு எடுத்திருந்தாள். அதில் நான்கு நாள் மாமியார் இறந்ததற்கு.

மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கும் ஓர் அறையில் அவளுடைய ஸ்விட்ச்போர்டு இருந்தது. வலி வந்த வீட்டிலிருந்து போன் வந்தால் மூன்றே கேள்விகள் கேட்பாள். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வலி, பனிக்குடம் உடைந்துவிட்டதா, எத்தனையாவது குழந்தை. பதிலைக் கேட்டுவிட்டு வார்டுக்கு ஒரு வார்த்தை சொல்வாள். "பொறுமையா வருவாங்க" என்றால் நர்ஸ்கள் டீ குடிக்கப் போகலாம். "ஸ்ட்ரெச்சரை வாசலுக்குக் கொண்டு போங்க" என்றால் டீயை அப்படியே வைத்துவிட்டு ஓட வேண்டும். பதினேழு வருடத்தில் அவள் கணக்கு இரண்டு தடவைதான் தப்பியது. டாக்டர்களின் கணக்கு எத்தனை தடவை தப்பியது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆஸ்பத்திரியின் எண் 110 2662. வலியில் துடிப்பவர்களுக்கும் அவர்களைவிட அதிகமாகத் துடிக்கும் கணவன்மார்களுக்கும் எந்த எண்ணும் மனதில் நிற்காது என்பதால் போன் அக்கா ஒரு வழி வைத்திருந்தாள். முதல்முறை பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் போன் பட்டன்களைக் காட்டி, "ரெண்டுக்குக் கீழே ஏ இருக்கு, ஆறுக்குக் கீழே எம் இருக்கு. நூத்திப்பத்து போட்டுட்டு அம்மான்னு எழுதுங்க, எங்களுக்கு வந்துடும்" என்பாள். ஏ, எம், எம், ஏ. அவ்வளவுதான். ஒருமுறை கேட்டவர்கள் இரண்டாவது குழந்தைக்கும் மறக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் மாப்பிள்ளை சார் வந்தார். ஆஸ்பத்திரியை ஆரம்பித்த பெரிய டாக்டரம்மாவின் ஒரே மகளைக் கட்டியவர். 'வளர்ச்சி மற்றும் அடையாளப் பிரிவு இயக்குநர்' என்று அவருக்காகவே ஒரு பதவி செய்தார்கள். அந்தப் பிரிவில் அவரைத் தவிர வேறு யாரும் இல்லாததால் இயக்கும் வேலை சுலபமாக இருந்தது. ஒருநாள் மாடிப்படிப் பக்கம் தண்ணீர் குடிக்க வந்தவர், போன் அக்கா ஒரு கர்ப்பிணிக்கு அம்மா எழுதச் சொல்லிக் கொடுப்பதைக் கேட்டார். இரண்டாவது டம்ளரும் குடித்தார்.

மூன்றாம் நாள் மாதாந்தரக் கூட்டத்தில் திரையில் பெரிதாக நான்கு எழுத்துகள் தோன்றின. விடியற்காலையில் தூக்கம் கலைந்தபோது தனக்குள் மின்னலாக வந்த யோசனை என்று மாப்பிள்ளை சார் சொன்னார். டாக்டர்கள் கைதட்டினார்கள். பெரிய டாக்டரம்மா, மகளுக்குப் பார்த்த வரன் வீண்போகவில்லை என்ற நிம்மதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். போன் அக்கா அந்தக் கூட்டத்தில் இல்லை. யாராவது போனை எடுக்க வேண்டுமே.

ஒரே மாதத்தில் '110-அம்மா' எல்லா இடத்திலும் ஏறியது. வாசல் போர்டு, ஆம்புலன்ஸின் இரு பக்கம், பேனா, குழந்தைத் தொப்பி, டிஸ்சார்ஜ் ஆகிறவர்களுக்குக் கொடுக்கும் துணிப்பை. எண்ணும் இருக்கும், அதற்கு மேலே எழுத்தும் இருக்கும், பக்கத்தில் போன் பட்டன்களின் படமும் இருக்கும்.

போன் அக்கா வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. போர்டு நன்றாகத்தான் இருக்கிறது, எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றாள். ஆனால் அவள் கணவர் கணக்கு டியூஷன் வாத்தியார். எதையும் எண்ணாமல் அவரால் இருக்க முடியாது. மாடிப்படி ஏறினால் படியை எண்ணுவார். யாராவது இருமினால் இருமலை எண்ணுவார். அவள் கொண்டுவந்திருந்த துணிப்பையைக் கையில் வாங்கிப் படத்தைப் பார்த்ததும் அவருக்கு மூக்கில் வியர்த்தது.

இரண்டுக்குக் கீழே மூன்று எழுத்து, ஆறுக்குக் கீழேயும் மூன்று எழுத்து. மூன்றை நான்கு தடவை பெருக்கினால் எண்பத்தொன்று. முன்னால் இருக்கும் ஒன்றுக்கும் பூஜ்யத்துக்கும் எழுத்தே கிடையாது, அவை வாய் திறக்காது. ஏழோ ஒன்பதோ வந்திருந்தால் நான்கு எழுத்து, கணக்கு இன்னும் பெருகியிருக்கும் என்று வருத்தப்பட்டுக்கொண்டே கட்டம் போட்ட தாளை எடுத்தார். சாப்பாடு ஆறிப்போகும்வரை எண்பத்தொன்றையும் எழுதினார். முக்கால்வாசி எந்த மொழியிலும் வாயில் நுழையாதவை. மீதியில் 'அம்மா' இருந்தது. 'அண்ணா' இருந்தது. சீப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் இருந்தது. இன்னொரு சொல்லைப் பார்த்துவிட்டுப் பென்சிலால் அடித்துவிட்டார். பிரசவ ஆஸ்பத்திரிக்கு அது ஒருவகையில் பொருத்தம்தான், ஆனால் போர்டில் எழுதும்படி இல்லை. அதற்குப் பிறகு இரண்டு சொற்களுக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டார். பி, ஓ, எம், பி. சி, ஓ, எம், ஏ.

"பாம். கோமா" என்று படித்தாள் போன் அக்கா. தட்டை நகர்த்தி வைத்துவிட்டாள்.

மறுநாள் அந்தத் தாளோடு மாப்பிள்ளை சாரின் அறைக்குப் போனாள். அவர் தாளைத் தொடவில்லை.

"அக்கா, யாரு உக்காந்து எண்பத்தொண்ணையும் எழுதிப் பாக்கப் போறாங்க? வேலை வெட்டி இல்லாதவன்தான் பாப்பான்."

"சார், நம்ம ஹால்ல காத்திருக்கறவங்க யாருக்குமே வேலை இருக்காது."

அவர் சிரித்தார். அவளுடைய அக்கறையைப் பாராட்டினார். அன்று மாலை கூடுதலாக ஐயாயிரம் பைகளுக்கு ஆர்டர் போனது.

காத்திருப்பு ஹாலில் ஒரு கணவர் வந்து உட்கார்ந்தார். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். அவர் மனைவிக்கு வலி வந்து வந்து நின்றது, அவரோ பதினோரு மணி நேரம் அதே நாற்காலியில் இருந்தார். முதல் இரண்டு மணி நேரத்தில் ஹாலில் ஒட்டியிருந்த எல்லா அறிவிப்புகளையும் படித்து, சட்டைப் பேனாவால் பன்னிரண்டு பிழைகளைத் திருத்தினார். 'எச்சில் துப்பாதிர்' என்பதற்குச் சுழி போட்டார். அதன் பிறகு படிக்க எதுவும் மிச்சம் இல்லாமல் பையை எடுத்தார்.

மனைவிக்கு ஆபரேஷன் என்று முடிவாகி, மயக்க மருந்து கொடுக்க இன்னும் அரைமணி இருக்கும்போது அவர் கோமாவைக் கண்டுபிடித்தார். தியேட்டர் வாசலில் போய் நின்று, இந்தப் பை உள்ளே போகக் கூடாது, இந்தத் தொப்பியும் போகக் கூடாது, இந்தப் பேனாவால் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். மயக்க டாக்டர் தன் சொந்தப் பேனாவைத் தேடினார். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது, தாயும் நேரத்துக்குக் கண்விழித்தாள். மனிதர் அதற்குப் பிறகாவது சும்மா இருந்திருக்கலாம். பையைப் படம் பிடித்து, எழுத்துகளை வட்டமிட்டு, தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார். பிழை திருத்துகிறவர் என்பதால் விளக்கம் ஒரு பிழை இல்லாமல் இருந்தது.

இரண்டு நாளில் ஊர் முழுக்க எண்ண ஆரம்பித்தது. பைகள் திரும்பி வந்தன. பாதுகாப்பு அதிகாரி, எல்லோரும் 'மேஜர்' என்று கூப்பிடுகிறவர், ராணுவத்தில் கம்பளிகளுக்குப் பொறுப்பாக இருந்தவர், தன் பங்குக்கு ஓர் அறிக்கை எழுதினார். பக்கவாட்டில் வெடிகுண்டு என்று எழுதிய வண்டியில் கர்ப்பிணிகளை ஏற்றிக்கொண்டு, அதுவும் சைரன் போட்டுக்கொண்டு, மூன்று மாதமாக நகரத்தைச் சுற்றுகிறோம் என்று அது ஆரம்பித்தது.

அவசரக் கூட்டம் கூடியது. மாப்பிள்ளை சாருக்கு அங்கேதான் உண்மை பேசத் தோன்றியது. இந்த யோசனை தன்னுடையது அல்ல, போன் அக்காவுடையது, அடுத்தவர் உழைப்பைத் தன் பெயரில் வைத்திருப்பது தன் மனசாட்சியை ரொம்ப நாளாக உறுத்துகிறது என்றார். பதினேழு வருடத்தில் முதல்முறையாகப் போன் அக்காவின் பெயர் கூட்டக் குறிப்பில் ஏறியது. மாலையில் அவளுக்கு மெமோ வந்தது. தீய பொருள் தரக்கூடிய எண்ணை நிர்வாகத்துக்குப் பரிந்துரைத்தது ஏன், எண்பத்தொரு சேர்க்கைகள் இருப்பது தெரிந்தும் எழுத்துமூலம் தெரிவிக்காதது ஏன் என்று இரண்டு கேள்விகள். நேரில் வந்து சொன்னது கணக்கில் வராது. காகிதத்தில் இல்லாதது அந்தக் கட்டடத்தில் நடக்கவே இல்லை.

விசாரணைக்குப் பெரிய டாக்டரம்மா, மாப்பிள்ளை சார், மேஜர் மூவரும் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். எதிரே ஒரு நாற்காலி. போன் அக்கா புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். குரல் போனில் பேசும் குரலாகவே வந்தது.

"நம்பரை நான் குடுக்கல, டெலிபோன் ஆபீஸ் குடுத்தது. எழுத்தையும் நான் போடல, போன் செஞ்சவங்க போட்டாங்க. எண்பத்தொண்ணுல நான் ஒண்ணைத்தான் சொன்னேன். மத்த எண்பதையும் யாரும் என்கிட்ட கேக்கல."

மேஜர் குறித்துக்கொண்டார். மாப்பிள்ளை சார் கடிகாரத்தைப் பார்த்தார். பெரிய டாக்டரம்மா ஏதோ சொல்ல வந்து, மருமகன் முகத்தைப் பார்த்து, சொல்லாமல் விட்டார். அவர் பிரசவம் பார்த்த காலத்தில் யாருக்கும் பயந்தவர் இல்லை. மகள் சம்சாரம் என்று வந்தபிறகு எல்லாவற்றுக்கும் பயந்தார்.

தீர்ப்பு இப்படி இருந்தது. பழைய எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிடுவது. எந்த எழுத்தும் இல்லாத, அதனால் எந்தப் பொருளும் தர முடியாத புதிய எண் வாங்குவது. போன் எடுக்க ஆள் எதற்கு, பதிவு செய்த குரலே போதும். போன் அக்காவை மூன்றாவது மாடித் துணி ஸ்டோருக்கு மாற்றுவது.

புதிய எண் 110 1001. ஒன்றும் பூஜ்யமும் மட்டும். இதில் எத்தனை சேர்க்கை என்று வாத்தியாரிடம் கேட்டாள். ஒன்றே ஒன்று, அதுவும் வெறுமை என்றார் அவர். மனிதர்களின் நினைவிலும் அது அப்படியே தங்கியது. ஒன்று எங்கே, பூஜ்யம் எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தப்பித்தவறிச் சரியாக அழைத்தவர்களை ஓர் இனிமையான பெண்குரல் வரவேற்றது. பரிசோதனைக்கு ஒன்றை அழுத்தவும், பில் தொடர்பானவற்றுக்கு இரண்டை அழுத்தவும், பிரசவ வலிக்கு ஆறை அழுத்தவும். ஆறை அழுத்தினால் புல்லாங்குழல்.

போன் அக்கா துணி ஸ்டோரில் போர்வை எண்ணிக்கொண்டிருந்தாள். போர்வைகள் கேள்விக்குப் பதில் சொல்லாது. வேலை செய்யாமல் சம்பளம் வாங்குவது போலிருந்தது, கை ஓடவில்லை. ஆறாவது வாரம் ஒரு பெண் கூடுதல் போர்வை கேட்டு வந்தாள். அவளுடைய தங்கைக்கு டாக்ஸியிலேயே பிரசவம் ஆகிவிட்டதாம், இரண்டாவது சிக்னலில். முதல் குழந்தைக்குக் கொடுத்த அம்மா நம்பரைத்தான் போட்டோம், அப்படி ஒரு நம்பரே இல்லை என்று வந்தது, திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருந்தோம் என்றாள். தாயும் சேயும் நலம். டாக்ஸி டிரைவர்தான், ஆண்கள் வார்டு இல்லாத அந்த ஆஸ்பத்திரியின் வராந்தாவில் படுத்திருந்தார், இன்னும் மயக்கம் தெளியாமல்.

போன் அக்கா இரண்டு போர்வை கொடுத்தாள். ஒன்று தங்கைக்கு, ஒன்று டிரைவருக்கு. மதியம் சாப்பிடாமல் டெலிபோன் ஆபீசுக்குப் போனாள்.

கவுண்டரில் இருந்தவர் காலி எண்களின் பட்டியலைத் தள்ளினார். அவள் பட்டியலைப் பார்க்கவே இல்லை, 110 2662 வேண்டும் என்றாள். அதில் அப்படி என்ன இருக்கிறது என்று அவர் கேட்டார்.

"அம்மா ஞாபகம்" என்றாள்.

அவர் முகம் மாறிவிட்டது. ஆழ்ந்த வருத்தத்தோடு படிவத்தைத் தானே நிரப்பி, இரண்டு நாளில் இணைப்பு கொடுக்கச் சொன்னார். அவள் திருத்தவில்லை.

வீட்டில் போன் வந்து உட்கார்ந்த இடம் டியூஷன் நடக்கும் முன்னறை. பகலில் அவள் போர்வைகளோடு இருப்பாள் என்பதால் போனை எடுக்க வேண்டியவர் வாத்தியார். அவர் மறுத்தார். தனக்கும் பிரசவத்துக்கும் சம்பந்தமே இல்லை, இயற்கணிதம் நடக்கும்போது இடைஞ்சல் கூடாது என்றார். அவள் மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். அதற்குக் கீழே பிரசவ வார்டு நர்ஸின் நேரடி எண்.

முதல் அழைப்பில் அவர் மூன்றாவது கேள்வியை முதலில் கேட்டார். இரண்டாவதில் பதிலை எழுத மறந்தார். மூன்றாவதில் எதிர்முனையில் இருந்தவன் அழுதுகொண்டே ஒன்பது நிமிடம், ஏழு நிமிடம், ஆறு நிமிடம், நாலரை நிமிடம் என்று சொன்னான். வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது அவருக்குத் தெரிந்த விஷயம்.

"தம்பி, இது இறங்குவரிசை. அடுத்தது நாலுக்குக் கீழே போகும். அழுவறதை வண்டியில வச்சுக்கலாம், கிளம்பு."

ஒரு மாதத்தில் அவரிடம் நோட்டுப் புத்தகம் வந்துவிட்டது. நேரம், இடைவெளி, சராசரி, எத்தனையாவது குழந்தை. டியூஷன் பிள்ளைகள் போன் அடித்தால் தாங்களாகவே பேனாவைக் கீழே வைத்தார்கள். வார்டு நர்ஸ்களுக்கு இப்போதெல்லாம் நோயாளி வருவதற்கு முன்னால் அவள் வலியின் வரைபடமே வாய்மொழியாக வந்துவிடும். அவர்கள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

குட்டு உடைந்தது புள்ளிவிவரத்தால். புதிய எண்ணுக்கு வலி என்று ஓர் அழைப்புகூட வருவதில்லை, மருந்துக் கம்பெனி ஆட்கள்தான் ஆறை அழுத்திப் புல்லாங்குழல் கேட்கிறார்கள். கட்டில்களோ நிரம்பி வழிந்தன. மாப்பிள்ளை சார் ஒரு வாரம் யோசித்துவிட்டுப் பழைய எண்ணை அழைத்துப் பார்த்தார்.

"எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை?" என்றது ஓர் ஆண்குரல்.

தனக்கு வலி எதுவும் இல்லை என்றார் மாப்பிள்ளை சார்.

"அப்போ லைனை விடுங்க."

எண் யார் பெயரில் இருக்கிறது என்று டெலிபோன் ஆபீசில் விசாரித்துக்கொண்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் போன் அக்காவின் வீட்டுக்கே வந்தார். வாத்தியார் சந்தைக்குப் போயிருந்தார். சுவரில் ஒட்டியிருந்த தாளையும் நோட்டையும் மாப்பிள்ளை சார் பார்த்தார். இது ஆஸ்பத்திரியின் எண், ஆஸ்பத்திரியிடமே இருக்க வேண்டியது, அவளுக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் ஏற்பாடு செய்யலாம், சட்டம் போட்டே கொடுக்கலாம் என்றார்.

"சான்றிதழ் வேண்டாம் சார். மெமோவைத் திருப்பி வாங்கிக்கிட்டேன்னு எழுதிக் குடுங்க. அந்தக் குழலையும் நிறுத்திடுங்க."

மெமோவை வாபஸ் வாங்க விதியில் இடமில்லை என்று அவர் ஆரம்பித்தபோது போன் அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"எடுங்க சார். உங்க ஆஸ்பத்திரிக்குத்தான்."

அவர் எடுத்தார். ஒரு பெண் பேசினாள். கூட யாரும் இல்லை, கதவைத் திறக்கக்கூட முடியவில்லை என்றாள். பேச்சுக்கு நடுவே அவள் நிறுத்தி மூச்சை இழுத்துப் பிடித்தது அந்த அறை முழுக்கக் கேட்டது. பதிவு செய்த குரலுக்கு வாசகம் எழுதியவர் மாப்பிள்ளை சார்தான்; இப்போது ஒரு வாசகமும் வரவில்லை. போன் அக்கா சுவரில் இருந்த முதல் வரியை விரலால் காட்டினாள். அவர் படித்தார். இரண்டாவதைக் காட்டினாள். படித்தார். பனிக்குடம் உடைந்துவிட்டது என்று பதில் வந்ததும் அவர் ரிசீவரை நீட்டினார். அவள் வாங்கி, அந்தப் பெண்ணிடம் முகவரி கேட்டு, இடது பக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொல்லி, ஆம்புலன்ஸ் டிரைவரைத் தன் கைபேசியில் எழுப்பி, வண்டி வீட்டு வாசலில் நிற்கும்வரை பேச்சை விடாமல் பிடித்து வைத்திருந்தாள். இருபத்திரண்டு நிமிடம். அவ்வளவு நேரமும் மாப்பிள்ளை சார் டியூஷன் பெஞ்சில், முழங்காலில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

போனை வைத்ததும் அவர் கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கேட்டு வாங்கி, மெமோ திரும்பப் பெறப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்திட்டார். தேதி தப்பாக இருந்தது. அவள் திருத்தச் சொன்னாள், திருத்தினார்.

மறுநாள் பெரிய டாக்டரம்மா மூன்றாவது மாடிக்குப் படியேறி வந்தார். லிஃப்ட் அன்றைக்கும் ஓடவில்லை. மூச்சு வாங்க நின்று, "கீழ வாம்மா. பழைய இடத்துக்கு" என்றார். போன் அக்கா எண்ணிக்கொண்டிருந்த போர்வையை மடித்து வைத்துவிட்டுக் கூடவே இறங்கினாள். எண்ணை மட்டும் அவள் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி அதற்கு இணைப்பு மட்டும் கொடுத்தது. சில மாதங்களுக்குப் பிறகு மாப்பிள்ளை சார் வேறொரு நகரத்தில் 'கீழ்மட்ட ஊழியரின் குரலுக்குச் செவிசாய்த்தல்' என்று ஓர் உரை நிகழ்த்தி விருது வாங்கி வந்ததாகச் சொன்னார்கள். படத்தில் நன்றாக இருந்தார்.

இந்த ஏற்பாட்டில் நொந்துபோனவர் வாத்தியார்தான். போன் போன இடத்தில் மேஜை வெறிச்சென்று இருந்தது. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும்போது நடுவில் நிறுத்தி, அடிக்காத போனுக்குக் காது கொடுப்பார். ஒருநாள் மாலை ஒரு கணவனும் மனைவியும் கைக்குழந்தையோடு வாசலில் வந்து நின்றார்கள். இறங்குவரிசை சொன்ன டாக்டர் இவர்தானா என்று கேட்டார்கள். பிள்ளைகள் எல்லாம் வாத்தியாரைப் பார்த்தார்கள். அவர் மறுக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு குழந்தையை வாங்கினார், எடை என்ன என்று கேட்டார், பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்றார்.